டவுன்டன் ஆபியை ராக் மியூசிக்கலாகக் கற்பனை செய்ததுண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பட்லர்தாசன்:
ஓர் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தையும் அவர்கள் வீட்டு வேலைக்காரர்களையும் பற்றிய அந்த டிவி தொடரின் முதல் சீசனை நண்பர்களோடு மறுபடி பார்த்தோம். விருந்தாளியாக வந்த பாமுக், பிரபுவின் மூத்த மகள் மேரியின் படுக்கையிலேயே செத்துப்போக, மேரியும் அவள் அம்மாவும் பணிப்பெண் அன்னாவும் ராத்திரியில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்தக் காட்சி. கிடார் பழகும் நண்பன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு ஹெவி மெட்டல் ரிஃப் வாசித்தான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனாலும் அந்தப் பெண்கள் மூச்சடக்கி நடக்கும்போது மனசுக்குள் அடித்துக்கொள்வது அந்தச் சத்தத்தில்தான் கேட்டது. அப்புறம் எந்தக் காட்சி வந்தாலும் டிரம்ஸ் எங்கே நுழையும் என்றே யோசனை. இத்தனைக்கும் தொடரை எழுதிய ஜூலியன் ஃபெல்லோஸுக்கு இது புதிதல்ல. தொடர் முடிந்த அதே 2015இல் பிராட்வேக்கு வந்த 'ஸ்கூல் ஆஃப் ராக்' மியூசிக்கலின் கதை வசனம் அவருடையதுதான்.

அடுக்களைக்காரி:
தொடரைப் படமெடுத்த ஹைகிளேர் மாளிகைக்கே நான் போயிருக்கிறேன். என் கற்பனை நாடகம் வேலைக்காரர்களைக் கூப்பிடும் மணிப்பலகையில் தொடங்கும்: ஒரு மணி, இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து அடிக்க, அதுவே தாளமாகி சமையல்காரி மிஸஸ் பேட்மோர் அடுக்களை உதவிப் பெண் டெய்சியைத் திட்டும் பாட்டு. அந்தப் பலகையைப் பார்க்கும் ஆசையோடு கீழே இறங்கினால் எகிப்தியக் கண்காட்சி! துட்டன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் போட்ட கார்னார்வன் பிரபுவின் வீடு அல்லவா. நாம் பார்த்த அடுக்களையெல்லாம் லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட்டாம். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மேடைக்கு அது வசதி: மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம், இரண்டுக்கும் வேறு வேறு இசை.

கிராமபோன் ரசிகன்:
மன்னிக்கவும், எனக்கு ஒப்பவில்லை. மேரி வாய்விட்டுக் கத்திவிட்டால் அப்புறம் மேரியிடம் என்ன மிச்சம்? மின்விளக்கு வெளிச்சத்தையே தாங்காமல், நாடக மேடையில் நிற்பதுபோல் இருக்கிறது என்று அலுத்துக்கொண்ட மேரியின் பாட்டியம்மாவை ஸ்ட்ரோப் லைட்டில் நிறுத்துவீர்களா?

தாமஸ் கட்சி:
பாட்டியம்மாவை விடுங்கள், அவருக்குப் பியானோ போதும். ராக் கீழ்த்தளத்துக்குத்தான். மேலே நிற்கும்போது கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டியவர்கள் அவர்கள். வேலைக்காரன் தாமஸ் பாரோவை நினைத்துப் பாருங்கள். ஆண்களை விரும்புபவன், தான் யார் என்பதையே சொல்ல முடியாதவன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சொன்னால் சிறை. இரண்டாம் சீசனில் போர்முனையிலிருந்து தப்ப, லைட்டரைக் கொளுத்தி பதுங்குகுழிக்கு மேலே கையை நீட்டுவான், எதிரி குண்டு பாயட்டும் என்று. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ராக் கச்சேரியில் ஜனம் லைட்டரைத் தூக்கிப் பிடிப்பது அதே மாதிரிதானே! இடைவேளைக்கு முந்தைய பாட்டு அதுதான். அரங்கம் முழுக்க வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிக்க, ஒரு துப்பாக்கிச் சத்தம், திரை.

பட்லர்தாசன்:
தாமஸ் கட்சி, கையைக் கொடுங்கள்! ஆனால் கார்சனை மறந்துவிட்டீர்களே. பட்லர் ஆவதற்கு முன்னால் 'சியர்ஃபுல் சார்லீஸ்' என்று ஜோடி சேர்ந்து மேடையில் ஆடிப் பாடியவர் அவர். அது தெரிந்துவிடக் கூடாதே என்று கூனிக் குறுகுவார். இரண்டாம் பாதியில் அவருக்கு ஒரு முழுப் பாட்டு தராவிட்டால் நான் டிக்கெட் வாங்கமாட்டேன்.

கிராமபோன் ரசிகன்:
சரி, கார்சன் பாடினால் நானும் வருகிறேன். மேரி பாடும்போது மட்டும் டிரம்ஸ் கூடாது.