பாதியில் நின்ற டார் காப்புப்பிரதி மீட்பு

கேள்வி: லினக்ஸ் சேவையகத்தின் ஹோம் அடைவை (பயனர் கோப்புகள் இருக்குமிடம்), ஜிஜிப் (gzip) என்ற சுருக்கும் கருவியால் சுருக்கிய டார் (tar, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வடிவம்) கோப்பிலிருந்து மீட்டபோது, சுருக்கத் தரவு பிழையானது என்று அறிவித்து, பாதியிலேயே நின்றுவிட்டது. எஞ்சியவற்றை எடுக்க வழி உண்டா?

பதில் 1: மூலக் கோப்பைத் தொடாமல், நகலில் மட்டும் முயலுங்கள். வட்டே பழுதென்றால் படிக்க முடிந்ததை மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) கருவி கொண்டு நகலெடுங்கள்.

பதில் 2: டாரில் ஒவ்வொரு கோப்புக்கும் 512 பைட் தலைப்பு (பெயர், அளவு போன்ற விவரம்) தனியே உண்டு என்பதால், இடையில் சிதைந்தாலும் அடுத்த தலைப்பிலிருந்து தொடரலாம். சிக்கல் ஜிஜிப்பில்தான், முந்தைய 32 கிலோபைட் வரையிலான தரவைச் சுட்டியே அது சுருக்குவதால், ஓரிடத்துச் சிதைவு பின்வருவதையும் குழப்பிவிடுகிறது. ஜிஜிரெக்கவர் கருவி சிதைந்த பகுதியைத் தாண்டிச் செல்ல முயலும். அதன் வெளியீட்டை டாரைவிட சிபிஐஓ (cpio) என்ற மற்றொரு கருவி பொறுமையாகப் பிரிக்கும் என்பது என் அனுபவம்.

கேட்டவர்: நன்றி, பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் ஒரு தரவுத்தளக் கோப்பு, அளவு சரியாக இருந்தும், திறக்க மறுக்கிறது.

பதில் 2: அளவை நம்பாதீர்கள். பழைய செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். அந்தத் தரவுத்தளத்தை வேறொரு பழைய பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.