பத்தாம் இலக்கமா, பதினைந்தாம் இலக்கமா

குழு: கொக்குவில் வீடு

அம்மா, காலை 6.48
எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று இரவு சின்னவன் கண்டி விடுதியிலிருந்து பேசினான். வருகிற சனிக்கிழமை றக்பிப் போட்டியில் பத்தாம் இலக்கச் சட்டையை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, இவனைப் பதினைந்தாம் இலக்கத்தில் விளையாடும்படி பயிற்றுநர் சொல்லியிருக்கிறாராம். குரலே சரியில்லை. அணியிலிருந்து நீக்கவில்லை என்பது எனக்கு விளங்குகிறது, ஆனால் அவன் அதை நீக்கமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த விளையாட்டை அறிந்தவர்கள் அவனுடைய மாமாவும் அக்காவும்தான். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அப்பா, காலை 6.55
சென்ற பருவத்தில் அந்த அணியின் வெற்றிகளுக்கு இவன் எவ்வளவு உழைத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் சற்றுத் தளர்ந்த பிள்ளையை அதே இடத்தில் வைத்துத்தான் மீட்க வேண்டும். இடத்தையும் பறித்தால் மிஞ்சியிருக்கிற நம்பிக்கையும் போய்விடும். இன்று மாலை நானே பயிற்றுநரோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, காலை 7.10
தம்பி, நீர் பேசுவதற்கு முன் எனக்கொன்று விளங்க வேண்டும். உதைபந்தாட்டம் என்றால் எந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன வேலை என்று நான் சொல்லுவேன். றக்பியில் பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் அப்படி என்ன வேறுபாடு இருக்கிறது? பின்னுக்குப் போகிறான் என்பதனாலேயே தாழ்ந்து போகிறான் என்று கொள்ளலாமா?

மாமா, காலை 7.24
அண்ணை, கொள்ள முடியாது. பதினைந்து பேரில் முதல் எட்டு இலக்கக்காரரும் பந்துக்காக மல்லுக்கட்டுபவர்கள். அவர்கள் வென்ற பந்தை ஒன்பதாம் இலக்கக்காரர் எடுத்து வீச, பெரும்பாலும் அதை முதலில் வாங்குபவர் பத்தாம் இலக்கக்காரர். அவரைப் பிளை ஹாஃப் என்போம். ஓடுவதா, பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பதா, உதைத்து எதிரணியைப் பின்னே தள்ளுவதா என்பதை, தன்னை நோக்கி ஆட்கள் பாய்ந்து வரும்போதே அவர் தீர்மானிக்க வேண்டும். பதினைந்தாம் இலக்கக்காரர், அதாவது புல் பாக், எல்லோருக்கும் பின்னால் நிற்பவர். உயரமாக உதைக்கப்படும் பந்தைப் பிடிப்பதும், தடுப்பு வரிசையைத் தாண்டி வந்துவிட்டவரைக் கடைசி ஆளாக மடக்குவதும் அவருடைய பொறுப்பு. அதே வேளையில், தமது அணி தாக்கும்போது அவர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரிசைக்குள் நுழையலாம். பந்து அவர் கைக்கு வரும்போது முன்னால் கொஞ்சம் வெளி இருக்கும், பார்ப்பதற்கு நேரமும் இருக்கும்.

அப்பா, காலை 7.29
வெளியும் நேரமும் இருக்கலாம், மச்சான். ஆனால் ஆட்டத்தை நடத்துபவன் பத்தாம் இலக்கக்காரன்தானே? நடத்துகிறவனை நிறுத்திவிட்டு இன்னொருவனை நடத்தச் சொன்னால், அதற்கு வேறென்ன பெயர்?

நான், காலை 7.46
அப்பா, நியூசிலாந்தின் போடன் பாரெட்டுக்கு நடந்ததை நீங்கள் அறிந்தால் இதை வேறு விதமாகப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து உலகின் சிறந்த வீரராகத் தெரிவானவர் அவர், அதுவும் பத்தாம் இலக்கக்காரராக. 2018 ஆகஸ்ட் 25 அன்று ஓக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு ட்ரை பெற்று, அணியின் 40 புள்ளிகளில் 30ஐத் தாமே எடுத்தார். சரியாக மூன்று வாரம் கழித்து, செப்டெம்பர் 15 அன்று, வெலிங்டனில் தென்னாபிரிக்காவிடம் நியூசிலாந்து 36-34 என்று தோற்றது. பெரியப்பாவுக்காகச் சொல்கிறேன்: எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பதுதான் ட்ரை, அதற்கு 5 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் பந்துக்கு 2 புள்ளி. அன்று நியூசிலாந்து ஆறு ட்ரை பெற்றது, தென்னாபிரிக்கா ஐந்துதான் பெற்றது. ஆறு உதைகளில் இரண்டு மட்டுமே உள்ளே போனதால் ஆட்டம் கைநழுவியது. மூன்று வாரத்துக்கு முன் வானளாவப் புகழப்பட்டவரின் ஆட்டம் குன்றிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டு, 2019 ஜூலை 27 அன்று, அதே வெலிங்டனில் அதே தென்னாபிரிக்காவுக்கு எதிராகப் பத்தாம் இலக்கம் ரிச்சி முவாங்காவுக்குப் போனது, பாரெட் பதினைந்தில் இறங்கினார். அந்த ஆட்டம் 16-16 எனச் சமநிலையில் முடிந்தது.

பெரியப்பா, காலை 7.58
பிள்ளை, இதில் ஒரு இடறல் இருக்கிறது. நிறுத்திவைத்த பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைக்கத் தவறுவதற்கும், அவர் எந்த இடத்தில் நின்று விளையாடுகிறார் என்பதற்கும் என்ன தொடர்பு? பதினைந்தாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு உதைத்தாலும் அது தவறித்தானே இருக்கும்?

நான், காலை 8.06
அதைத்தான் சொல்ல வந்தேன், பெரியப்பா. ஒரு வீரரின் ஆட்டம் குறைந்துவிட்டது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அவருடைய ஆட்டத்தில் எந்தப் பகுதி குறைந்தது என்று கேட்பதில்லை. பாரெட்டின் ஓட்டமோ, வெறும் வெளியைக் கண்டுபிடிக்கும் கண்ணோ எந்தக் காலத்திலும் குன்றவில்லை. கம்பத்தை நோக்கிய உதை அவரிடம் நம்பத்தக்கதாக இருக்கவில்லை, அது இடத்தோடு தொடர்பற்ற ஒரு தனித் திறன். 2019இல் அந்தப் பொறுப்பும் முவாங்காவிடம் போனது. இவற்றைவிடப் பெரிய சிக்கல் மூன்றாவது. எதிரணிகளின் தடுப்பு வரிசை முன்னைவிட வேகமாக மேலேறி வரத் தொடங்கியதால், பத்தாம் இலக்கத்தில் நின்றவருக்கு முன்பு கிடைத்த அந்த அரை விநாடி கிடைக்காமல் போனது. ஓடுவதற்குப் பிறந்த ஒருவருக்கு ஓடத் தொடங்கும் நேரமே பறிபோனால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் தளர்ந்துவிட்டார் என்றுதான் தோன்றும். பதினைந்துக்கு மாற்றியதால் அந்த நேரம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

அப்பா, காலை 8.11
அப்படியானால் அந்த 2019 உலகக் கிண்ணத்தில் அவர்கள் ஏன் அரையிறுதியோடு நின்றார்கள்? அவரைப் பத்தில் விட்டிருந்தால் வென்றிருக்கலாம் என்று சொல்பவர்களும் இருப்பார்களே.

மாமா, காலை 8.27
இருக்கிறார்கள் அத்தான், நானும் கேட்டிருக்கிறேன், ஏற்றுக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. யோக்கோஹாமாவில் நடந்த அந்த அரையிறுதியை முழுவதும் பார்த்தேன். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் இங்கிலாந்தின் மனு துயிலாகி ட்ரை பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு நியூசிலாந்தின் முன்வரிசையினர் பந்தை வெல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்கு அடங்கிப்போனார்கள். 19-7 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ட்ரைகூட, பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை மீண்டும் உள்ளே எறியும் லைன் அவுட்டில் இங்கிலாந்து பிழையாக எறிந்ததால் வந்தது. பந்தே வராத நாளில் பத்தில் யார் நின்றால் என்ன? அன்று உண்மையாகவே பிழையாகிப்போன இடமாற்றம் ஒன்று இருந்தது, ஆனால் அது போடனுடையது அன்று, அவருடைய தம்பி ஸ்கொட்டினுடையது. நான்காம், ஐந்தாம் இலக்கங்களுக்குரிய உயரமும் கனமும் கொண்ட அவரை ஆறாம் இலக்கத்தில் இறக்கிவிட்டு, தரையில் பந்தைப் பறிப்பதில் வல்லவரான சாம் கேனை வெளியே இருத்தினார்கள். இடைவேளையோடு அதை மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில், பதினைந்தில் விளையாடிவந்த டேமியன் மக்கென்சி முழங்கால் தசைநார் அறுந்து உலகக் கிண்ணத்தை இழந்திருக்காவிட்டால், பதினைந்தாம் இலக்கத்துக்குப் போடனை அழைத்திருப்பார்களோ தெரியாது. பயிற்றுநர் இடம் மாற்றுவதெல்லாம் தண்டனை அல்ல, பல வேளைகளில் அது வேறெங்கோ விழுந்த ஒரு ஓட்டையை அடைக்கும் வேலை.

அம்மா, காலை 8.31
இதை அவனுக்கு யாராவது சொன்னால் நல்லது. ஓட்டையை அடைக்கத்தான் தன்னைக் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

பெரியப்பா, காலை 8.40
சரி, பிறகு அந்தப் பாரெட் என்ன ஆனார்? பதினைந்திலேயே தங்கிவிட்டாரா?

நான், காலை 8.58
இல்லை பெரியப்பா, அங்கேதான் கதை இன்னும் வளமாகிறது. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், பாரிஸ் நகருக்கு அருகில், அவர் பதினைந்தில்தான் விளையாடினார். தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டையோடு வெளியேற, பதினான்கு பேரோடு போராடிய நியூசிலாந்து 12-11 எனத் தோற்றது. அவர்களுடைய ஒரே ட்ரையைப் பெற்றவர் பாரெட். 2015 இறுதியாட்டத்திலும் மாற்று வீரராக வந்து ட்ரை பெற்றவர் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு முவாங்கா யப்பானுக்குப் போய்விட, 2024இல் புதிய பயிற்றுநர் ஸ்கொட் ரொபர்ட்சன் முதலில் மக்கென்சியைப் பத்தில் வைத்தார், பாரெட் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டு போட்டிகளிலும் மாற்று வீரராகவே வந்தார், அதன்பின் பதினைந்தில் தொடங்கினார். செப்டெம்பர் இறுதியில் வெலிங்டனில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மீண்டும் பத்தாம் இலக்கத்தை அவரிடம் கொடுத்தார்கள், 33-13 என்று வென்றார்கள். அப்போது அவருக்கு 33 வயது. என்னுடைய கணிப்பு இது: அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் பதினைந்தில்தான் வெளிப்பட்டது, ஆனால் பத்தில் அவர் நின்றபோது பிற்காலத்தில் அவர் காட்டிய நிதானம், பின்னால் நின்று முழு மைதானத்தையும் பார்த்துப் பழகிய ஆண்டுகளால் வந்தது. இன்னொரு தம்பி ஜோர்டியைப் பாருங்கள். பதினைந்தாம் இலக்கக்காரராக அறிமுகமாகி, 2022இல் பன்னிரண்டாம் இலக்கத்துக்கு மாறிய பின்னர்தான் அசைக்க முடியாதவரானார்.

தம்பி, காலை 10.15
பயிற்சி முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். அக்கா, எனக்கு ஓட்டம் குறையவில்லை. இந்தப் பருவம் ஒன்பதாம் இலக்கத்தில் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் பந்தை எடுத்து இரண்டு அடி நடந்த பிறகுதான் வீசுகிறான். பந்து என் கைக்கு வரும்போது எதிரணியின் ஏழாம் இலக்கக்காரன் என் முகத்துக்கு முன்னால் நிற்கிறான். உதைப்பதைத் தவிர வேறு வழியில்லை, அவசரத்தில் உதைக்கும் பந்து நேராக அவர்களுடைய பின்வரிசைக்காரன் கைக்குப் போகிறது. பிறகு எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

மாமா, காலை 10.22
மருமகன், இதைப் பயிற்றுநரிடம் சொன்னாயா?

தம்பி, காலை 10.24
சொன்னால் மற்றவனைக் காட்டிக்கொடுப்பது போலிருக்கும், மாமா.

மாமா, காலை 10.41
அவனைக் குறை சொல்லாமலே கேட்கலாம். பந்து பிந்தி வருகிறது, நான் இன்னும் ஆழமாக நிற்கட்டுமா, அல்லது பந்தோடு ஓடி வரும்படி கோணத்தை மாற்றட்டுமா என்று கேள். நின்றுகொண்டு பந்தை வாங்குகிறவன் இலகுவாக அகப்படுவான், ஓடிவந்து வாங்குகிறவனைத் தடுப்பது கடினம். இப்போது பதினைந்தாம் இலக்கத்துக்கு வருவோம். உன் உதை வலிமையானது. 2021 முதல் புதிய விதி ஒன்று இருக்கிறது: உன் பாதி மைதானத்திலிருந்து உதைத்த பந்து தரையில் பட்ட பிறகு எதிரணியின் 22 மீற்றர் எல்லைக்குள் பக்கக் கோட்டைத் தாண்டினால், லைன் அவுட்டில் எறிகிற உரிமை உன் அணிக்கே கிடைக்கும். அதை அஞ்சியே எதிரணிகள் ஆட்களைப் பின்னுக்கு நிறுத்துகின்றன, முன்வரிசையில் அவர்களுக்கு ஆள் குறைகிறது. பின்னால் நேரத்தோடு நிற்கும் நல்ல உதைகாரனுக்கு இது பெரிய ஆயுதம்.

தம்பி, காலை 10.46
உதைப்பது பற்றி எனக்குப் பயமில்லை. உயரப் பந்துதான் பயம். மேலே பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஓடிவருகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்கும்.

மாமா, காலை 10.55
நிலத்தில் நின்று காத்திராதே, பந்தை நோக்கிப் பாய்ந்து மேலே பிடி. காற்றில் இருப்பவரை மடக்குவது விதிப்படி குற்றம், ஆகவே குதிப்பவனுக்குப் பாதுகாப்பு உண்டு. உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள், அப்போது தவறினாலும் பந்து முன்னால் விழாது. என்னுடைய பந்து என்று உரத்துச் சொல், உன் பக்கத்து வீரர்கள் விலகுவார்கள். இது பயிற்சியால் மட்டுமே வரும்.

அப்பா, முற்பகல் 11.08
நான் பயிற்றுநரோடு பேசவில்லை. அவனே பேசட்டும். மகன், பத்தாம் இலக்கத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். மாமா சொன்ன இரண்டு கேள்விகளையும் கேள், சனிக்கிழமை உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதையும் கேள்.

நான், முற்பகல் 11.15
எதிரணியின் லைன் அவுட்டுக்குப் பிறகு பந்து நம் கைக்கு மாறும் வேளைகளில் முதல் ஆளாக வரிசைக்குள் வரலாமா என்பதையும் கேள், தம்பி. பாரெட்டும் முவாங்காவும் ஒன்றாக விளையாடியது அப்படித்தான். மைதானத்தின் ஒரு பக்கத்தை ஒருவர் நடத்த, மறுபக்கத்தை மற்றவர் நடத்தினார். சட்டையின் இலக்கம் பதினைந்து என்பதற்காக முடிவெடுக்கும் வேலை உன்னிடமிருந்து போய்விடாது.

தம்பி, மாலை 5.37
பேசினேன். உதை நீளமாக இருப்பதால்தான் பின்னுக்கு அனுப்புகிறேன் என்றார், சென்ற போட்டியில் பின்னால் விழுந்த பந்துகளை எடுக்க ஆளில்லாமல் போனதாம். இடது பக்கத்தில் ஸ்க்ரம், அதாவது எட்டெட்டுப் பேர் பிணைந்து தள்ளும் இடம், விழுந்தால் நானே முதல் பந்தை வாங்கலாம் என்று அவராகவே சொன்னார். ஆழமாக நிற்பது பற்றிப் புதிதாகப் பத்தில் வருபவனையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். அடுத்த மாதம் வரை பதினைந்துதான், பிறகு பார்ப்போம் என்றார்.

அம்மா, மாலை 5.44
குரல் கேட்காமலே எனக்குத் தெரிகிறது, கொஞ்சம் தெளிந்துவிட்டாய். இரவு ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பா, மாலை 5.52
வெள்ளி இரவுப் பேருந்தில் நானும் அண்ணையும் கண்டிக்கு வருகிறோம். மச்சான், நீரும் வந்தால் ஞாயிறு காலை அவனுக்கு உயரப் பந்து உதைத்துக் கொடுக்கலாம்.

மாமா, மாலை 5.57
வருகிறேன் அத்தான். மருமகன், ஞாயிறு மைதானம் திறந்திருக்குமா?

தம்பி, மாலை 6.03
திறந்திருக்கும், மாமா. ஒன்பதாம் இலக்கக்காரனையும் கூட்டி வருகிறேன். நடக்காமல் நின்ற இடத்திலிருந்தே பந்தை வீச அவனுக்கும் நீங்கள் காட்டிக் கொடுக்க வேண்டும்.