அதிகாரி பயிற்சி விண்ணப்பக் கட்டுரை: முதல் வரியே வரவில்லை

ராணுவ அதிகாரி பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். நாலு தடவை எழுதியும் "சிறு வயது முதலே நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை" என்றுதான் தொடங்குகிறது. உண்மைதான், ஆனால் படித்தால் எனக்கே ஒட்டவில்லை. ஹாக்கி அணித் தலைவராக இருந்ததை எழுதலாமா அண்ணா?

பதில்: அந்த வரியை அடிச்சிடுங்க தம்பி, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. ஒரு மலையேற்றத்தில் நான் குழுவில் எல்லாரும் இருக்காங்களான்னு எண்ணாமல் கிளம்பினேன், ரெண்டு பேர் பின்தங்கிட்டாங்க. டார்ச்சோடு திரும்பிப் போய்க் கூட்டி வந்தேன். மறுநாள் ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணினேன். என் விண்ணப்பக் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். நேர்முகத்தில் அதையே துருவித் துருவிக் கேட்டாங்க. அதனால நடந்ததை மட்டும் எழுதுங்க. பதவி முக்கியமில்லை, என்ன முடிவெடுத்தீங்க?

கேட்டவர்: அரையிறுதியில் என் நெருங்கிய நண்பனை வெளியே உட்கார வைத்தேன். முழங்கால் வீக்கத்தை மறைத்திருந்தான்.

இன்னொருவர்: அதிலிருந்தே ஆரம்பிங்க! அவரிடம் நேரில் என்ன சொன்னீங்க, அதையும் சேர்த்து.