சென்னையைச் சுற்றி மண் பாதையில் சைக்கிள்: விழுந்தவர்கள் வந்து சொல்லுங்கள்

மேடவாக்கம்:

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சானைத் தையூர் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். புது வண்டி, 29 இஞ்ச் சக்கரம், முன்னால் சஸ்பென்ஷன், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத ஹெல்மெட். "மாமா, கத்துக்கிறவன் போற ரூட்டா பாத்து கூட்டிட்டுப் போங்க" என்றான். நானும் சரி என்றேன். ஏரிக்கரைதானே, ஒருமுறை மேலே ஏறிவிட்டால் ஏற்றமா இறக்கமா, நேராகப் போய்த் திரும்பி வர வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டேன்.

கடையில் டயருக்கு 60 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தார் ரோட்டுக்கு அது பரவாயில்லை. நான் ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சரளையில் வண்டி பந்து மாதிரி குதிக்கிறது, மணல் வந்த இடத்தில் முன் சக்கரம் சொருகிக்கொண்டு பையன் ஹேண்டில்பார் மேல் படுத்துவிட்டான். 30க்கு இறக்கிய பிறகுதான் டயர் தரையைப் பிடித்தது. அதற்குள் சீமைக்கருவேல முள். டியூபைக் கழற்றி, ஓட்டையைத் தேடி, உரசி, பேட்ச் ஒட்டி மாட்டினோம். பத்தே நிமிடத்தில் மறுபடி அதே சக்கரம். முள்ளின் நுனி உடைந்து டயருக்குள்ளேயே நின்றிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உட்புறமாக விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தபோது குத்தியது, அரிசி முனை அளவுதான் இருக்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்தோம். மூன்றாவது பங்ச்சருக்குப் பேட்ச் இல்லை. கேளம்பாக்கம் வரை தள்ளிக்கொண்டே வந்தான், வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

வெளிநாட்டில் இந்த மாதிரிப் பாதைகளுக்குப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு டைமண்ட் என்று பலகை வைத்துத் தரம் பிரித்திருப்பார்கள். பனிச்சறுக்கு சரிவுகளிலிருந்து வந்த பழக்கம். சரிவையும் கல்லையும் பாதையின் அகலத்தையும் பார்த்துத்தான் நிறம். அந்தக் கணக்குப்படி தையூர் பச்சையிலும் பச்சை. ஆனால் முள்ளுக்கு என்ன நிறம் கொடுப்பது? நீங்கள் போன இடங்களைச் சொல்லுங்கள், யாரைக் கூட்டிப் போகலாம், யாரைக் கூடாது என்று.

பல்லாவரம்:

மச்சானுக்கு என் அனுதாபங்கள். நான் எங்கள் மலைப்பக்கம் செம்மண் சரளையில் ஓட்டிப் பழகியவன். இந்தச் சரளைக்குப் பெரிய சரித்திரம் உண்டு, 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியல் ஆய்வாளர் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். நான் இதுவரை கண்டெடுத்தது என் முழங்கால் தோலை மட்டும். உருண்டைச் சரளையில் திருப்பும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பாட்டில் டிஞ்சர் செலவானது. காற்று விஷயத்தில் ஒன்று, 30க்குக் கீழே ரொம்ப இறக்கிவிடாதீர்கள், கல்லில் மோதினால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

சேலையூர்:

எனக்கு 43 வயது. பையன் வளர்ந்துவிட்டதால் சும்மா நின்றிருந்த அவனுடைய வண்டியைத்தான் ஓட்டுகிறேன். சின்ன வயதில் லேடீஸ் சைக்கிள் ஓட்டியதோடு சரி, கியர் வண்டி போன வருஷம்தான். மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் நாங்கள் மூன்று பேர், மூன்று பேருமே அக்கம்பக்கத்துப் பெண்கள், விடிகாலையில் போவோம். வீட்டில் முதலில் "இந்த வயசுல எதுக்கு" என்றார்கள், இப்போது "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்கிறார்கள்.

கரைமேல் ஏறுகிற அந்தப் பத்தடி இருக்கிறதே, அதுதான் எனக்கு மலை. பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது கியரைக் குறைப்பேன், செயின் கடகடவென்று கத்தும், காலை ஊன்றிவிடுவேன். ஏறுவதற்கு முன்னாடியே கியரைக் குறைத்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டே போ அம்மா என்று பையன் ஒரு நாள் கூடவே வந்து காட்டினான். அவ்வளவுதான், அடுத்த வாரம் இறங்காமல் ஏறிவிட்டேன். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தால் யாருமே பார்க்கவில்லை, ஒரு எருமை மட்டும் பார்த்தது.

ஆனால் நவம்பரில் அதே கரைக்குப் போனதுதான் பெரிய கூத்து. மழை விட்டு மறுநாள், வெயில் வந்துவிட்டதே என்று கிளம்பினோம். களிமண். முதலில் டயரில் சப்பாத்தி மாவு மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தது, அப்புறம் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. தள்ளவும் முடியாது, தூக்கத்தான் வேண்டும். வண்டியே 14 கிலோ, மண் எத்தனை கிலோ என்று தெரியாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு பனைமட்டைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்து, "சொரண்டுமா" என்றார். சுரண்டிக்கொண்டிருக்கும்போதே, "மழ பேஞ்சா மூணு நாள் கழிச்சி வரணும், மாடே வழுக்குற எடத்துல சைக்கிள எடுத்துட்டு வர்றீங்களே" என்றார். அந்தப் பனைமட்டை இன்னும் என் பையில் இருக்கிறது.

வேளச்சேரி:

நான் எட்டு வருஷமாக ஓட்டுகிறேன். ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் போய் வருவது எனக்கு டீ குடிக்கப் போவது மாதிரி. அந்தத் திமிரில்தான் விழுந்தேன்.

ஒட்டியம்பாக்கம் கல்குவாரிப் பக்கம் ஒரு சரிவு. கூட வந்தவர்கள் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள், நான் நடக்கவில்லை. சீட்டையும் இறக்கவில்லை. பாதி வழியில் ஜல்லி உருள ஆரம்பித்ததும் பயத்தில் வலது கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன், நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் வலது கைதானே முன் பிரேக். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. காரை எலும்பு உடைந்து ஆறு வாரம் தூளி மாட்டிக்கொண்டு திரிந்தேன், சட்டை பட்டனைக்கூட இன்னொருவர் போட்டுவிட வேண்டிய நிலைமை. எனக்குப் பின்னால் நண்பரின் பையன், 15 வயது, அதே சரிவில் பெடல் மேல் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு அழகாக இறங்கிவந்து, "அங்கிள், அடிபட்டுச்சா?" என்று கேட்டான். வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

வருஷக் கணக்கை வைத்து யாரும் உங்களைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தார் ரோட்டு அனுபவம் வேறு, இது வேறு. இன்னொன்று, அந்தக் குவாரித் தண்ணீரில் தயவுசெய்து இறங்காதீர்கள். நீலமாக, அமைதியாகத்தான் இருக்கும், விளிம்பை விட்டு ஓரடி வைத்தாலே கால் எட்டாது. நீச்சல் தெரிந்தவர்களே செத்திருக்கிறார்கள்.

பெரம்பூர்:

எல்லாரும் தென்சென்னையையே சொல்கிறீர்கள். எங்களுக்கு அங்கே வரவே ஒன்றரை மணி நேரம், காரின் பின்னால் வண்டியைக் கட்டிக்கொண்டு. மே மாதத்தில் அப்படி வந்து ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்கு மண்டை கொதிக்கிறது. ஒரு தடவை இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மோர்க்காரப் பாட்டி ஒருவர் உப்பைக் கூடப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கால் அவிழ்ந்தது.

தாம்பரம்:

வண்டலூர் பக்கம் நடந்தது. போனில் ஒரு மேப்பில் புள்ளிக்கோடு போட்டு வழி காட்டியது, அருமையான ஒற்றையடிப் பாதை, ஒரு மயில் வேறு குறுக்கே ஓடியது. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் வனக்காவலர். காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்றார். நான் மேப்பைக் காட்டினேன். "மேப்புல கோடு இருந்தா வழியா சார்? உங்களுக்கு முன்னாடி எவனோ திருட்டுத்தனமா வந்திருக்கான்னு அர்த்தம்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் செத்த பிறகு காட்டுக்குள் விடுவதில் அவர்கள் கண்டிப்பாக இருப்பதில் தப்பே இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். 2024இல் அரசு திறந்த 40 மலையேற்றப் பாதைகளில் திருவள்ளூர் பக்கம் குடியம் குகையும் உண்டு. ஆனால் அது நடக்கிறவர்களுக்கு, சைக்கிளோடு போய் நிற்காதீர்கள்.

சிறுசேரி:

நான் சொல்வது சின்ன விஷயம். எங்கள் பக்கம் காலி மனைகளில் வளைந்து வளைந்து ஓட்டப் பழகுவேன், ஆரம்பிப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏப்ரலில் ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது, ஹெல்மெட்டை உரசுகிற மாதிரி இறங்கியது. நின்று கீழே பார்த்தால் என் முன் சக்கரத்திலிருந்து ஒரு முழத்தில் நாலு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் சரளையில் சின்னப் பள்ளம், முட்டையும் கல்லும் ஒரே நிறம். வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனேன். ஒரு மாதத்துக்கு மேல் அந்த மனைப் பக்கமே ஓட்டவில்லை.

மேடவாக்கம்:

எல்லாருக்கும் நன்றி. சேலையூர் அக்கா, பனைமட்டை யோசனையைத் திருடிக்கொள்கிறேன். வேளச்சேரி சார், தோள் இப்போது எப்படி இருக்கிறது? மச்சானுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். சிறுசேரி காலி மனையிலிருந்து ஆரம்பிக்கிறானாம், முட்டை காலம் முடிந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னான். வருகிற ஞாயிறு 5.30க்குக் கேளம்பாக்கத்தில் டீ, வருகிறவர்கள் வரலாம். ஸ்பேர் டியூப் அவரவர் கொண்டுவரவும். என்னிடம் பேட்ச் கேட்கக்கூடாது, முழு டப்பாவையும் அவன் வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான்.