அதே 25 மி.கி. சைலோசைபின், வேறு அறை: விளைவு ஏன் மாறுகிறது?

கேள்வி – நரம்பணு
மனச்சோர்வுக்கான சைலோசைபின் (சிலவகைக் காளான்களில் உள்ள, மனநிலையை மாற்றும் பொருள்) ஆய்வுகளைப் புரட்டினால் சோபா, கண்கட்டு, இசைப் பட்டியல் என்று பக்கம் பக்கமாக வருகிறது. மருந்து எப்படியும் மூளையணுக்களில் உள்ள 5-எச்டி2ஏ என்ற செரட்டோனின் ஏற்பியில் போய் ஒட்டப்போகிறது. அறை எப்படி இருந்தால் என்ன? சூழலால் மூளையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் உண்டா? அறையை எப்படித் தயார் செய்கிறார்கள்?

பதில் – புறணி5
உண்டு. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்டதைப் பாருங்கள். ஏழு பேருக்கு 25 மி.கி. கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சும்மா படுத்திருந்தபோது மூளை வலையமைப்புகளின் ஒத்திசைவு கலைந்தது. தன்னைப் பற்றிய யோசனையோடு தொடர்புடைய வலையமைப்பில் கலைவு அதிகம். காதில் விழும் சொற்றொடரும் திரையில் வரும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொன்னதும் அந்தக் கலைவு குறைந்துவிட்டது. மருந்து அதேதான், கவனம் மட்டும் வெளியே திரும்பியது. கண்கட்டு எதற்கு என்பது இப்போது புரியும்: கவனம் வெளியே போகாமல் உள்ளேயே இருக்கத்தான். பதறுபவருக்குக் கண்கட்டை எடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வதும் இதன் மறுபக்கம்தான்.

எலிகளிலும் உண்டு. 2019இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு எம்.டி.எம்.ஏ. (மனநிலையை மாற்றும் இன்னொரு மருந்து) கொடுத்தபோது, மற்ற எலிகளோடு இருந்தவற்றுக்குத்தான் சமூகக் கற்றல் பருவம் (மற்றவற்றோடு பழகுவதை எளிதில் கற்கும் இளம் பருவம்) மீண்டும் திறந்தது. தனியே வைத்தவற்றுக்குத் திறக்கவில்லை.

பதில் – வார்டு_மணி
நடைமுறையைச் சொல்கிறேன். பலரும் கையில் வைத்திருப்பது ஹாப்கின்ஸ் குழுவின் 2008 பாதுகாப்பு நெறிமுறை. வேலை அறைக்கு முன்பே தொடங்குகிறது: அவர்களுடைய ஆய்வில் மருந்து நாளுக்கு முன் நான்கு சந்திப்புகள், மொத்தம் 8 மணி நேரம். ஸ்கிசோஃப்ரீனியா, இருதுருவக் கோளாறு உள்ளவர்களையும், நெருங்கிய உறவில் அவை இருப்பவர்களையும் முதலிலேயே விலக்கிவிடுவார்கள்.

அறை வீட்டுக் கூடம் மாதிரி: சோபா, மெல்லிய வெளிச்சம், ஹெட்ஃபோன். கூர்மையான பொருளோ கண்ணாடி மேசையோ கூடாது. கூடவே இரண்டு பேர், சுமார் 6 மணி நேரம், இடையில் ஆள் மாற்றம் கிடையாது. ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் அவ்வப்போது பார்க்க வேண்டும். கருவி கண்ணில் படாமல் இருந்தால் நல்லது. கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான்: வராந்தாப் பேச்சு, நடுவில் நின்றுபோகும் பாட்டு, பொருள் புரியும் வரிகள் (மனம் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும்), கதவைத் திறந்து எட்டிப்பார்க்கும் தெரியாத முகம்.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இந்தியாவில் சைலோசைபின் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது.

பதில் – எண்கணக்கு
அறைக்கு ரொம்பவும் மாலை போடாதீர்கள். சூரிச்சில் நடந்த 23 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2012இல் அலசியதில், பி.இ.டி. என்ற மூளை ஸ்கேன் எடுக்கும் அறையில் பதற்றம் கூடியது உண்மை. ஆனால் விளைவை அதிகம் தீர்மானித்தது மருந்தளவுதான். இசை வகைகளை ஒப்பிட்ட 2020 ஆய்வில் மொத்தமே 10 பேர், பெரிய வித்தியாசமும் இல்லை.

மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு வெவ்வேறு அளவில் சைலோசைபின் கொடுத்த 2022 ஆய்வில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அறை, ஆதரவு. மூன்றாம் வாரம் மனச்சோர்வு மதிப்பெண் 25 மி.கி. குழுவில் 12 குறைந்தது, ஒப்பீட்டுக்காக மிகக் குறைந்த அளவு கொடுத்த 1 மி.கி. குழுவில் 5.4. அறை, எதிர்பார்ப்பு, காலம் எல்லாம் சேர்ந்தது அந்த 5.4இல் அடக்கம். மருந்தின் விளைவும் அறையின் விளைவும் வெறுமனே கூடுகின்றனவா, ஒன்றை ஒன்று பெருக்குகின்றனவா என்று தெரிய 25 மி.கி.யை வெறும் அறையில் கொடுக்கும் குழு ஒன்று வேண்டும். அதற்கு எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் கையெழுத்துப் போடாது.