சக்களத்திச் சண்டையா, தாயர் பூசலா?

வணக்கம். துருக்கிய ஒட்டோமான் சுல்தான்களோட அந்தப்புர அரசியலைத் தமிழ்ல சொல்ல "சக்களத்திச் சண்டை"ன்னு போட்டாலே போதும்னு முந்தின மடல்ல வந்திருந்துச்சு, எனக்கு அது ஒத்துவரல. சக்களத்தின்னதும் புருஷனுக்காக அடிச்சுக்கறதுதான் மனசுல வரும். அங்க நடந்தது பிள்ளையோட உயிருக்கான சண்டை.

16-ம் நூற்றாண்டு சுல்தான் சுலைமான் வீட்டையே எடுத்துக்குங்க. அவரோட துணைவி மகிதேவ்ரான் இன்னொரு துணைவி ஹுர்ரமை "விலைக்கு வாங்கின மாமிசம்"னு திட்டி, முகத்தைக் கீறி, முடியைப் பிச்சு எறிஞ்சதா வெனிஸ் தூதர் நவகேரோ எழுதிவச்சிருக்கார், அப்புறம் சுல்தான் கூப்பிட்டு அனுப்பினப்போ இந்தக் கோலத்துல வரமாட்டேன்னு ஹுர்ரம் சொல்லிட்டாளாம். இதை மட்டும் படிச்சா சக்களத்திச் சண்டைதான். ஆனா மூத்தவனுக்குத்தான் பட்டம்னு அங்க விதியே கிடையாது, பட்டத்துக்கு வந்தவன் கூடப்பிறந்தவங்களைக் கொல்லலாம்னு இரண்டாம் மெஹ்மத் பேர்ல சட்டமே இருந்துச்சு. 1595-ல மூன்றாம் மெஹ்மத் பட்டத்துக்கு வந்ததும் தம்பிங்க 19 பேரைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னாங்க. ஒருத்தி பிள்ளை ஜெயிச்சா இன்னொருத்தி பிள்ளைக்குச் சாவு, எந்தத் தாய் சும்மா இருப்பா?

வழக்கமா ஒருத்திக்கு ஒரே ஆண்பிள்ளை, அவனை மாகாணத்துக்கு அனுப்பினா தாயும் கூடவே போயி அவனுக்குக் காவலா இருக்கணும். மகிதேவ்ரான் தன் மகன் முஸ்தபாவோட மனிசா மாகாணத்துக்குப் போனது அப்படித்தான். ஹுர்ரமுக்கு அஞ்சு ஆண்பிள்ளைங்க, சுல்தானையே முறைப்படி நிக்கா பண்ணிக்கிட்டு தலைநகரத்துலயே இருந்துட்டா, அந்த அரண்மனைல அது பெரிய வழக்கமீறல். 1553-ல முஸ்தபாவை அப்பனோட கூடாரத்துலயே வச்சுக் கொன்னாங்க. மகிதேவ்ரான் பர்சா நகரத்துல வீட்டு வாடகை கட்டக்கூட வழியில்லாம கிடந்தா, ஹுர்ரம் மகன் இரண்டாம் செலிம் வந்துதான் உதவி பண்ணினார்.

1651-ஐப் பாருங்க, கோசெம் தன் பேரன் நான்காம் மெஹ்மத்தை இறக்கிட்டு இன்னொரு பேரனை ஏத்தப் பார்த்தா, அது தெரிஞ்சு மெஹ்மத்தோட தாய் துர்ஹான் பக்கத்து ஆளுங்க கோசெமையே கொன்னுட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் மாமியார் மருமக, இங்க சக்களத்தி எங்க வந்தா?

அதனால "தாயர் பூசல்"னு வைக்கலாம்ங்கறது என் யோசனை. தாயர் பழைய சொல், பூசல்னா வீட்டுக்குள்ள புகையற சண்டையும் வரும், ரத்தம் சிந்தறதும் வரும். ஆளற சுல்தானோட தாய்க்கு இருந்த "வாலிதே சுல்தான்"ங்கற பட்டத்துக்கு "ராஜமாதா"ன்னு போட்டா எல்லாருக்கும் புரியும். சுல்தானோட முதன்மைத் துணைவிக்கான "ஹசேக்கி"யை மட்டும் அப்படியே விட்டுடலாம், "பட்டத்தரசி"ன்னு போட்டா முடிசூட்டின ராணின்னு ஆயிடும், அவ அது இல்ல.