பெண்டுலம், ஆங்கர், கேம்: இன்னும் மனசுல உறுத்துற ஒரு மெஷின்

புதுச்சேரி, கடலூர் பக்கம் மெஷின் பழுது பாக்குறவங்க, மனசுல உறுத்துற ஒரு மெஷினைப் பத்தி எழுதினது. ஒவ்வொரு குறிப்புக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட ஏரியா.

உப்பளம்

பாரிஸ்ல இருக்கிற சொந்தக்காரர் லீவுக்கு வரும்போது துணியில சுத்தி எடுத்துவந்த கறுப்பு மார்பிள் கடிகாரம். உருண்டை பிரெஞ்சு மெஷின், 8 நாள் ஓட்டம், பெண்டுலம் நீளத்தை முன்பக்கத்துலேர்ந்தே சரி பண்ற ப்ரோகோ சஸ்பென்ஷன். பின்தட்டுல சீரியல் நம்பருக்குப் பக்கத்துல 5, 4ன்னு குத்தியிருந்துச்சு. அது பெண்டுலத்தோட நீளம்: பழைய பிரெஞ்சு அளவுல 5 பூஸ் 4 லீன், அதாவது சுமார் 144 மில்லிமீட்டர்.

புதுச்சேரிக்கு வந்த நாள்லேர்ந்து தினமும் 2 நிமிஷம் பின்தங்குது. ஒருத்தர் மெயின் ஸ்பிரிங் மாத்திட்டார், இன்னொருத்தர் அச்சு ஓட்டைக்கு புஷ் போட்டுட்டார். திறந்து பார்த்தா பேலட்ல (சக்கரப் பல்லை நிறுத்தி நிறுத்தி விடுற முனை) கோடு விழலை, பிவட்ல (அச்சோட நுனி) ஆட்டம் இல்லை, டிக்கும் டாக்கும் ஒரே இடைவெளி. அதுதான் உறுத்துது. சத்தம் அவ்வளவு சுத்தம், நேரம் மட்டும் வட்டி கட்டுற மாதிரி தவறாம 2 நிமிஷம் போகுது.

மெஷின்ல கோளாறே இல்லை. பாரிஸ்ல புவியீர்ப்பு 9.81, நம்ம 12 டிகிரி அட்சரேகையில சுமார் 9.783. வித்தியாசம் 0.28 சதவீதம். ஊசல் நேரத்துல அதுல பாதிதான் தெரியும், 0.14. ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், பெருக்கிப் பாருங்க, 120 வரும். 1672ல ரிஷேங்கிற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ்லேர்ந்து பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற கயென் போனப்ப அவரோட கடிகாரம் தினம் இரண்டரை நிமிஷம் பின்தங்கினது இதே காரணம்தான். செகண்ட் பெண்டுலத்தை (ஒரு டிக்குக்கு ஒரு செகண்ட் எடுக்கிறது) அவர் ஒன்னேகால் லீன் குறைக்க வேண்டியிருந்துச்சு.

இந்தக் கடிகாரத்துக்குக் குறைக்க வேண்டியது 0.4 மில்லிமீட்டர். டயல்ல 12க்கு மேல ஒரு சின்னச் சதுர முனை இருக்கே, சின்னச் சாவியால அதை 'அவான்ஸ்' (வேகம்) பக்கம் திருப்பினா முடிஞ்சது. ஸ்பிரிங் மாத்தின காசு வீண்.

மஞ்சக்குப்பம்

இது கடிகாரம் இல்லை, ஆனா சுத்துறதை அடிக்கிறதா மாத்துற மெஷின்தான். கோயில்ல பூஜை நேரத்துக்கு முரசும் மணியும் தானா அடிக்குமே, அது. அரை எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், நிமிஷத்துக்கு 1440 சுத்து. 2 இஞ்ச் புல்லியிலேர்ந்து 12 இஞ்ச் புல்லிக்கு வந்தா 240. மறுபடி 3லேர்ந்து 12க்கு வந்தா 60. கடைசி ஷாஃப்ட்ல முரசுக்கு ரெண்டு மேடு வச்ச கேம் (சுத்தும்போது கோலைத் தூக்கி விடுற வட்டு), மணிக்கு ஒரு மேடு. நிமிஷத்துக்கு முரசு 120, மணி 60.

கேம் நத்தை ஓடு வடிவம். கோலை மெதுவா ஏத்தும், உச்சியில செங்குத்தா வெட்டியிருக்கும், அங்க பட்டுனு விடும். ஸ்பிரிங் இழுத்துக் கோல் தோல்மேல விழும்.

மோட்டார் காயில் எரிஞ்சு ரீவைண்டிங் ஆகி வந்துச்சு. சாயரட்சைக்கு சுவிட்ச் போட்டாங்க. ஒரே ஒரு 'டக்'. முரசுச் சத்தம் இல்லை, இரும்பு ஒடியிற சத்தம். கோலோட கை அடியோட முறிஞ்சு கிடக்குது, பெல்ட் புகையுது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோட ரெண்டு முனை இடம் மாறியிருந்ததால மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கு. நத்தை கேம் எதிர்ப்பக்கம் சுத்தினா ஏத்தம் இல்லை, சுவர்தான். கோல் அந்தச் செங்குத்துல மாட்டிக்கும், அப்புறம் எது பலவீனமோ அது போகும்.

முதுநகர் துறைமுகம்

மஞ்சக்குப்பத்தாரே, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை. உங்கள் மெஷினில் நேரத்தை முடிவு செய்வது மோட்டார். வோல்டேஜ் மிகவும் குறைந்து மோட்டார் திணறினால் முரசும் திணறும். கடிகாரத்தில் சக்கரம் ஓடத் துடிக்கும், நங்கூரம் போன்ற இரண்டு கை உள்ள ஆங்கர் அதைத் தடுத்து நிறுத்தும், பெண்டுலம் ஒரு ஓரத்துக்குப் போனால்தான் அரைப் பல் நகர விடும். நகரும்போது அந்தப் பல் பேலட்டைத் தள்ளி, பெண்டுலம் இழந்த வேகத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆடுவதுதான் எஜமான், சுற்றுவது வேலையாள். உங்களிடம் அது தலைகீழ்.

நான் எழுத வந்தது ஆளுயரக் கடிகாரம் பற்றி. ஆங்கிலேயர் காலத்துப் பொருள். ஆங்கர் தடுத்து விடும் எஸ்கேப் வீலுக்கு 30 பல், நிமிடத்துக்கு ஒரு சுற்று. டயலின் மேல் வளைவில் கடல் ஓவியம், அதன் பிளவில் தகரக் கப்பல் ஆடும். கப்பலுக்கெனத் தனி மெஷின் கிடையாது, ஆங்கர் அச்சிலிருந்தே ஒரு கம்பி மேலே போய் அதைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு டிக்கிலும் செகண்ட் முள் ஒரு கோடு முன்னே பாய்ந்து மயிரிழை பின்வாங்கும், ரிகாயில் ஆங்கரின் இயல்பு அது.

நின்று நின்று போகிறது என்றார்கள். கடிகாரத்தை ஓட்டும் எடையைக் கூட்டியிருந்தார்கள், பயனில்லை. டயல் இரும்பு. உப்புக் காற்றில் பிளவின் ஓரம் துருவேறி, பெயிண்டுக்கு அடியில் உப்பியிருந்தது. கப்பலின் அடிவிளிம்பு இடப்பக்கம் மட்டும் அதில் உரசியது. கப்பலைக் கழற்றியதும் கடிகாரம் நிற்காமல் ஓடியது. துருவைச் சுரண்டி இருபக்கமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினால் போதும். எடை கூட்டுவது மருந்தே இல்லை. உரசல் அப்படியே இருக்கும், பேலட்டில்தான் சீக்கிரம் பள்ளம் விழும்.

மஞ்சக்குப்பம்

ஐயா, உங்க கடிகாரத்துல மணி அடிக்கிற பக்கத்துக்கு எங்க இருக்கு ஆங்கர்? அங்கயும் சக்கரத்துல குத்தின முளைகள் சுத்தியலைத் தூக்கித் தூக்கி விடுது, வேகத்தைப் பிடிக்கிறது காத்துல சுத்துற தகடு. அரை மணிக்கும் அடிக்கிற கடிகாரம்னா ஒரு நாளைக்கு 180 அடி, அத்தனையும் கேம் வேலைதான். அது கடிகாரத்துல சேர்த்தின்னா இதுவும் சேர்த்தி.

லாஸ்பேட்டை

உப்பளம் அண்ணே, ஈர்ப்பு சரி, வெயிலை ஏன் விட்டுட்டீங்க? பாரிஸ் வீட்டுக்குள்ள 20 டிகிரி, இங்க சித்திரையில 35. பித்தளை நீளும். பாதி தாமதம் அதுலதான் வந்திருக்கும்.

எனக்கு உறுத்துறது இன்னும் பழசு. ஸ்பிரிங் தகடு இல்லாம நூல்ல தொங்குற பெண்டுலம். 1800கள்ல முன்பாதி பிரெஞ்சுக் கடிகாரத்துல நிறைய இருக்கும். பட்டுநூல் இருக்க வேண்டிய இடத்துல யாரோ தூண்டில் நைலானைக் கட்டியிருந்தாங்க. காலையில சரி பண்ணினா சாயங்காலம் குண்டு கண்ணுக்குத் தெரியுற அளவு இறங்கியிருக்கும். நைலான் பாரத்துல நீண்டுகிட்டே போகும், நிக்காது. பட்டுநூலை மாத்தினதும் அது நின்னுச்சு. ஆனா ஐப்பசி மழையில ஒரு நேரம், பங்குனியில ஒரு நேரம். நூல் ஈரத்தைக் குடிக்குது, அதை ஒன்னும் பண்ண முடியாது. மழைக்காலத்துல அடிக்கடி திருகணும், அவ்வளவுதான்.

உப்பளம்

பாதி இல்லை தம்பி, பத்துல ஒரு பங்கு. பித்தளை ஒரு டிகிரிக்கு 10 லட்சத்துல 19 பங்கு நீளும். 15 டிகிரிக்குக் கணக்குப் போட்டா நாளைக்கு 12 செகண்ட். இரும்புக் கம்பின்னா 7, 8. மீதி முழுக்க ஈர்ப்புதான். நம்ம ஊர்ல செகண்ட் பெண்டுலத்துக்கு 99.1 சென்டிமீட்டர், பாரிஸ்ல 99.4. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வித்தியாசம், இதை எந்த வெயிலும் கொண்டுவராது.

திருப்பாதிரிப்புலியூர்

2024 ஃபெஞ்சல் புயல்ல தண்ணி ஏறின வீடு. சுவர்க் கடிகாரம் முழுக்க நனைஞ்சுபோச்சு. வீட்டுக்காரரே காயவைக்கலாம்னு, சாவி முழுசா ஏறியிருந்த நிலையில ஆங்கரைத் தாங்குற பாலத்தைக் கழட்டிட்டார். எட்டு நாள் ஓட்டம் சில செகண்ட்ல விர்ர்ருனு இறங்கிடுச்சு. எஸ்கேப் வீல் பல் நுனி வரிசையா மடங்கிப்போச்சு.

அதனால எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. முதல்ல ஸ்பிரிங்கை இறக்கணும். சாவியை இறுக்கிப் பிடிச்சு லேசா ஏத்துற பக்கம் திருப்பி, கிளிக்கை (ஸ்பிரிங் திரும்ப இறங்காம பிடிக்கிற கொக்கி) தூக்கி, அரைச் சுத்து அரைச் சுத்தா கைக்குள்ள வழுக விடணும். மணி அடிக்கிற கடிகாரத்துக்கு ரெண்டு ஸ்பிரிங், ரெண்டையும் இறக்கணும். ஒன்னை இறக்கிட்டுத் தட்டைப் பிரிக்கிறவங்க விரல்தான் போகும்.

வெள்ளத்துல நனைஞ்சதுக்கு வெயில்ல காயவைக்கிறது தப்பு. சேறும் உப்பும் உள்ளேயே தங்கிடும். பிரிச்சு நல்ல தண்ணியில அலசி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல முக்கி எடுத்து, ஃபேன் காத்துல உடனே உலர்த்தணும். மெயின் ஸ்பிரிங்கைப் பெட்டியிலேர்ந்து எடுத்துச் சுருளுக்கு நடுவுல துடைக்கலைன்னா, துருப் புள்ளி விழுந்து ஒருநாள் அங்கேயே ஒடியும். ஒடியும்போது பக்கத்துப் பினியன் (சின்னப் பல்சக்கரம்) பல்லையும் சேர்த்து எடுத்துட்டுப் போகும்.

பித்தளைக்குப் புளி போடாதீங்க. குத்துவிளக்குக்குச் சரி, சக்கரத்துக்கு ஆகாது. அமிலம் துத்தநாகத்தைத் தின்னுட்டு மேல செம்பு நிறம் காட்டும். அம்மோனியா கலந்த பாலிஷ்ல ஊறவைக்கிறதும் ஆபத்து, இழுவையில இருக்கிற பழைய பித்தளைத் தகடு அதுல வெடிப்பு விடும். பிவட் ஓட்டையை மூங்கில் பல்குச்சி நுனியைச் சீவிப் போட்டுத் திருகணும், குச்சி வெள்ளையா வெளிய வர்ற வரைக்கும்.

எண்ணெய் பிவட்டுக்கும் பேலட் முகத்துக்கும் மட்டும், அதுவும் குண்டூசித் தலை அளவு. சக்கரப் பல்லுக்கும் பினியனுக்கும் விடவே கூடாது, கடற்கரைத் தூசி அதுல ஒட்டினா உப்புத்தாள் மாதிரி அறுக்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகிடும். தையல் மெஷின் எண்ணெய் மெலிசு, ஓட்டையில தங்காம பரவிடும். கடிகார எண்ணெய்னே கேட்டு வாங்குங்க.

மாட்டினதும் காதைக் கொடுத்துக் கேளுங்க. டிக்..டாக்....டிக்..டாக்னு நொண்டினா கடிகாரத்தை ஒரு பக்கம் தூக்கிப் பாருங்க. இடப்பக்கம் தூக்கினா சமமாகுதுன்னா, கிரட்ச் கம்பியோட (ஆங்கரையும் பெண்டுலத்தையும் இணைக்கிறது) அடியை இடப்பக்கமே துளி வளைக்கணும். எந்தப் பக்கம் தூக்கினீங்களோ அந்தப் பக்கம். ஆங்கர் அச்சை விரலால தாங்கிக்கிட்டு வளைங்க, இல்லைன்னா பிவட் முறியும். இது பண்ணாம ஆணியைக் கோணலா அடிச்சுக் கடிகாரத்தைச் சாய்ச்சு மாட்டியிருக்கிற வீடு கடலூர்ல நிறைய.

நெல்லித்தோப்பு

புலியூர் சார், புயல் கதை நாலு வரி, பாடம் நாலு பக்கம்! ஆனா நொண்டி விஷயம் நிஜம். பியானோ கத்துக்கொடுக்கிற இடத்துல தாளம் தட்டுற ஒரு சாவி மெட்ரோனோம். 1815ல மெல்சல் காப்புரிமை வாங்கின அதே கூம்புப் பெட்டி, வேலை மூளை விங்கல்னு ஆம்ஸ்டர்டாம்காரரோடது. நிமிஷத்துக்கு 40லேர்ந்து 208 தட்டு வரைக்கும் அளவு. பிள்ளைங்க எல்லாரும் சமமா வாசிக்க வேண்டிய ஸ்வரத்தை நீளம் குட்டை நீளம் குட்டைன்னு வாசிக்கிறாங்க, ஒரே மாதிரி. டீச்சர் பிள்ளைங்களைத் திட்டுறாங்க. பெட்டியைத் தூக்கி வேற மேசையில வச்சதும் தாளம் நேராச்சு. பியானோ மேல்பலகை சாய்வு. ஒரு கால் அடியில அட்டைத்துண்டு வச்சா போதும்.

மேல் எடை லூசாகி வழுகி இறங்கினா தாளம் தானா வேகமாகும், அதையும் பாருங்க. கிளிப்பை உள்பக்கம் லேசா வளைச்சா பிடிச்சுக்கும்.

உப்பளம் அண்ணே, கேட்கணும்னு இருந்தேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில பெண்டுலம் இல்லாத மெஷின் நிறைய கிடக்குது. நீளம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உப்பளம்

பல்லை எண்ணுங்க. நிமிஷ முள் சக்கரத்துலேர்ந்து எஸ்கேப் வீல் வரைக்கும் சக்கரப் பல்லெல்லாம் பெருக்கி, பினியன் பல்லால வகுத்து, ரெண்டால பெருக்கினா ஒரு மணி நேர டிக் கணக்கு. உதாரணத்துக்கு சென்டர் வீல் 84, அடுத்தது 77, ரெண்டு பினியனும் 7, எஸ்கேப் 32னா 8448 டிக். 3600ஐ அதால வகுத்து, வந்த விடையை அந்த விடையாலயே பெருக்கி, 99.1ஆல பெருக்குங்க. 18 சென்டிமீட்டர். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் வளையிற இடத்துலேர்ந்து அளக்கணும், கொக்கியிலேர்ந்து இல்லை. கம்பிக்கும் எடை இருக்கிறதால குண்டோட நடு இன்னும் கொஞ்சம் கீழ வரும். அதனால கம்பியை நீளமாவே வெட்டி, நட்டுல ஏத்தி இறக்கிச் சரி பண்ணுங்க.

மஞ்சக்குப்பம்

முரசு மெஷின்ல முறிஞ்ச கையை வெல்ட் பண்றவங்களுக்கு: முதல்ல பெல்ட்டைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டுத் திசை பாருங்க. புல்லியில பெயிண்ட்ல அம்புக்குறி போடுங்க. திசை தப்புன்னா ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோட ரெண்டு முனையை மட்டும் மாத்தணும். பிளக்கைத் திருப்பிச் சொருகினா மாறாது, அதை நம்பி இன்னொரு கோயில்ல ரெண்டாவது கையும் போச்சு. பெல்ட்டை எட்டு மாதிரி மாட்டலாமேன்னு கேட்பாங்க. வி பெல்ட் குறுக்க உரசிக் கிழிஞ்சிடும்.

திருப்பாதிரிப்புலியூர்

நெல்லித்தோப்பு, எண்ணும்போது ஒரு பல்லுல மார்க்கர் வச்சுட்டு எண்ணுங்க. உப்பளம் சொன்ன கணக்குல எஸ்கேப் வீலை 32க்குப் பதிலா 31னு எண்ணினா 18 வர்ற இடத்துல 19.2 வரும். நாள் ஒன்னுக்கு முக்கால் மணி நேரம் தப்பும், நட்டு திருகித் தீராது.